குப்பையில் எழுந்த நகரம்

சிற்பம் என்றால் ஒரு கல்லை எடுத்து, வேண்டாத பகுதியைக் களைந்து, உள்ளே உறைந்திருக்கும் உருவத்தை வெளிக்கொணர்வது என்றே நாம் வழிவழியாக எண்ணி வந்திருக்கிறோம். இக்காலச் சிற்பிகளுள் சிலர் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டுள்ளனர். அவர்கள் எதையும் செதுக்குவதில்லை. ஒரே வகைப் பொருள்களை நூற்றுக்கணக்கில் திரட்டி, ஒன்றோடொன்று இணைத்து, வேறோர் உருவத்தை எழுப்புகின்றனர்.

பீகார் மாநிலத்தில் 1964-ல் பிறந்த சுபோத் குப்தா, 2006-ல் ஒரு மாபெரும் மண்டையோட்டை அமைத்தார். எட்ட நின்று பார்த்தால் அது மண்டையோடு. கிட்டச் சென்றாலோ, நம் வீட்டு அடுக்களையில் அன்றாடம் புழங்கும் எவர்சில்வர் பாத்திரங்கள்! உணவு ஏந்த வேண்டிய கலங்களே பட்டினிச் சாவின் முகமாக நிற்கின்றன. பொருள் மாறவில்லை; நாம் நிற்கும் இடம் மாறியது, அவ்வளவே.

இம்முறையை இன்னும் ஒருபடி மேலே கொண்டு சென்றவர், 1943-ல் சிம்லாவில் பிறந்து 2023-ல் டில்லியில் காலமான விவான் சுந்தரம். ஓவியர் அம்ருதா ஷேர்கிலின் சகோதரி மகன் அவர். நகரத்தார் வீசியெறிந்த டப்பாக்களையும் குப்பிகளையும் பிளாஸ்டிக் சாமான்களையும், குப்பை பொறுக்கிப் பிழைப்போரின் துணையுடன் சேகரித்து, தம் கலைக்கூடத்தின் தரையில் ஒரு நகரத்தையே அமைத்தார். பிறகு அதனை உயரத்திலிருந்து நிழற்படம் எடுத்தார். 2008-ல் அப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இங்கே கண் ஏமாறுவது எவ்வாறு? நமக்கு இரு கண்கள் உண்டு. தலையைச் சற்றே அசைத்தால், அருகிலுள்ள பொருள் மிகுதியாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் நகர்வது போல் தோன்றும். இவற்றைக் கொண்டே தொலைவை அளக்கிறோம். நிழற்படமோ ஒற்றைக்கண் கொண்டு பார்த்தது. நாம் தலையை அசைத்தாலும் அதில் எதுவும் நகராது. அளவு காட்ட ஒரு மனிதக் காலடியேனும் அருகில் இல்லையெனில், தகர டப்பா மாளிகையாகிவிடும். டப்பாக்களுக்கு இடையேயுள்ள சந்து ராஜபாட்டையாகிவிடும்.

அப்படங்களுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் ‘மாஸ்டர் பிளான்’. அரசாங்கக் கோப்புகளில் இச்சொல்லைப் ‘பெருந்திட்டம்’ என மொழிபெயர்த்துப் பழகிய நாம், அப்பெயரைக் கண்டு சற்று நின்றுதான் ஆக வேண்டும். டில்லிக்கு முதற் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது 1962-ல். 2021 வரைக்குமான திட்டம் அறிவிக்கப்பட்டது 2007-ல். திட்டத்தின் வரைபடமும் உயரத்திலிருந்து பார்ப்பதே. அங்கிருந்து நோக்கினால் வண்ணக் கட்டங்கள் தெரியும். வீதிகள் ஒழுங்காகத் தெரியும். விடியுமுன் சாக்குப்பையைத் தோளிலிட்டுச் செல்பவன் தெரிய மாட்டான். அந்தக் குப்பை நகரத்தின் ஒவ்வொரு செங்கல்லும் அவன் குனிந்து எடுத்தது அன்றோ?

இதே சிற்பி 2005-ல் ‘பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட வார்டு’ ஒன்றையும் அமைத்தார். இரும்புக் கட்டில்களில் மெத்தை இல்லை. பழைய செருப்புகளின் அடிகள் வலைபோற் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு விளக்கு. தரையில் அவற்றின் நிழல். படுத்திருப்போர் ஒருவருமில்லை; நடந்து தேய்ந்த கால்கள் மட்டும் நினைவுக்கு வருகின்றன.

பிழைப்பை நாடிப் பிற மாநில நகரங்களுக்கு வந்துள்ள நாமும் எண்ணிக்கையாகவே பதிவேடுகளில் இடம்பெறுகிறோம். பல மாடிக் கட்டடத்தின் ஒரு சாளரத்துக்குள் வசிக்கிறோம். ஆதலின் இவ்வகைச் சிற்பங்களை நாம் வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாகாது. அடுத்த முறை இத்தகைய படம் ஒன்றைக் காண நேர்ந்தால், முதலில் எட்ட நின்று முழுமையைக் காண்போம். பின்னர் அருகே சென்று ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, இது என்ன, யார் கையிலிருந்து விழுந்தது, யார் கை எடுத்தது என்று கேட்போம்.