அரிய அட்டை எது?



சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவிலுள்ள மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். கையில் கிழிந்த உறைகள் எட்டு. முகத்திலோ பெரும் வாட்டம். "ஐயா, எட்டுப் பொதிக்கு ஒன்று வீதம் மிக அரிய அட்டை உண்டு என்றார்கள். பிறந்த நாளுக்குக் கிடைத்த பணம் முழுவதையும் கொடுத்து எட்டு வாங்கினேன். ஒன்றுகூட இல்லை. என்னை ஏமாற்றிவிட்டார்கள் அல்லவா? ஒன்பதாவது பொதியில் கட்டாயம் இருக்கும். அதற்கு அம்மாவிடம் பணம் கேட்கப் போகிறேன்" என்றான்.

பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் அட்டைகளைப் பற்றி அன்று ஒன்றும் அறியேன். "இரண்டு நாள் பொறு தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாட்களில் நான் தேடி அறிந்தவற்றையே இன்று உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

1993 ஆம் ஆண்டில், ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. வழக்கமான சீட்டாட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு. அதில் 52 சீட்டுகள். இதிலோ, ஒவ்வொருவரும் மூடிய பொதிகளை வாங்கித் தமக்கென ஒரு கட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்டைகளை மூன்று படிகளாக வகுத்தனர். காமன் என்பது எளிதிற் கிடைப்பது. அன்காமன் என்பது சற்றே அருகியது. ரேர் என்பது அரியது. 15 அட்டைகள் கொண்ட பொதியில் அரியது 1, அருகியது 3, எஞ்சிய 11 எளியவை. 1998 முதல் அட்டையிலுள்ள முத்திரையின் நிறமே படியைக் காட்டியது: கறுப்பு எளியது, வெள்ளி அருகியது, பொன் அரியது. 2008 இல் மிதிக் ரேர் என்னும் நான்காம் படியும் சேர்ந்தது. 1996 இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் அட்டைகளிலோ வட்டம், சாய்சதுரம், விண்மீன் என்பன அவ்வரிசையிலேயே படிகளைக் குறித்தன. இன்று விண்மீன்களின் எண்ணிக்கையும் நிறமும் கொண்டு இன்னும் பல படிகள் வகுக்கப்பட்டுள்ளன.

இந்த அருமை எங்கிருந்து வருகிறது? அச்சுத் தாளிலிருந்து வருகிறது. 2008 இல் வெளிவந்த 'ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா' என்னும் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் அரிய அட்டைகள் 53. மிக அரியவை 15. அரியவை ஒவ்வொன்றும் இரு முறை, மிக அரியவை ஒவ்வொன்றும் ஒரு முறை என்று கணக்கிட்டால் 106 உடன் 15 சேர்ந்து 121 ஆகும். வரிசைக்கு 11 வீதம் 11 வரிசை. ஒரு தாள் நிறைந்துவிடுகிறது. 121 இல் 15 என்பது ஏறத்தாழ எட்டில் ஒன்று. "எட்டுப் பொதிக்கு ஒன்று" என்னும் பேச்சின் பொருள் இதுவே.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். எட்டில் ஒன்று என்பது நெடுங்கணக்கில் வரும் சராசரியேயன்றி உறுதிமொழியன்று. ஒரு பொதியில் மிக அரிய அட்டை இல்லாதிருக்க நிகழ்தகவு எட்டில் ஏழு. எட்டுப் பொதியிலும் இல்லாதிருக்க வேண்டுமானால், எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 0.34 வரும். அதாவது, எட்டெட்டுப் பொதி வாங்கும் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 34 பேர் வெறுங்கையோடு திரும்புவர். நம் மாணவனை ஒருவரும் ஏமாற்றவில்லை. அவன் அந்த 34 பேரில் ஒருவன். ஒன்பதாவது பொதிக்கோ முன்னைய எட்டின் நினைவு கிடையாது. அதிலும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். அவன் விரும்பியது குறிப்பிட்ட ஓர் அட்டையே என்றால், வாய்ப்பு 121 இல் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரியது என்று அச்சிட்டதனால் மட்டும் ஒன்று விலையுயர்ந்துவிடாது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கழகம் ஒன்று சிகரெட்டுப் பெட்டிகளில் பேஸ்பால் வீரர்களின் படங்களை வைத்தது. ஹோனஸ் வாக்னர் என்னும் வீரர் இசையாமையால் அவர் படம் விரைவில் நிறுத்தப்பட்டது. இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 60 மட்டுமே. 2022 இல் அவற்றுள் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று.

இதற்கு மாறாக, 1952 இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் வீரரின் அட்டை, அதே வரிசையிலிருந்த பெரும்பாலான அட்டைகளைப் போலன்றி இரு மடங்கு அச்சிடப்பட்டது. விற்காமல் தேங்கிய அவ்வரிசை அட்டைகளை 1960 இல் கடலிற் கொட்டியதாக அந்நிறுவனத்தைச் சேர்ந்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மேன்டில் புகழ் பெற்றார். பிள்ளைகளின் கையில் அட்டைகள் கசங்கின. கசங்காது எஞ்சிய ஒன்று 2022 இல் 1 கோடியே 26 லட்சம் டாலர் பெற்றது. இதைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1980களின் பிற்பகுதியில் அட்டைகளைப் பலரும் வாங்கிப் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. எல்லாரும் காத்து வைத்தமையால் எதுவும் அரிதாகவில்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு இன்று மதிப்பே இல்லை.

ஆகவே, அச்சகம் தருவது ஒரு படி மட்டுமே. காலம் அழித்தது எவ்வளவு, எஞ்சியது எந்நிலையில் உள்ளது, அதை விரும்புவோர் எத்தனை பேர் என்பவையே விலையை முடிவு செய்கின்றன. அட்டை சேர்ப்பது குற்றமன்று, நல்ல பொழுதுபோக்கே. வேண்டிய அட்டையை நண்பரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது விலை தெரிந்து அது ஒன்றை மட்டும் வாங்குங்கள். இழந்ததை மீட்பதற்காக அடுத்த பொதியைப் பிரிக்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மாணவனை என் அருகில் அமர்த்தி, எட்டில் ஏழை எட்டு முறை அவன் கையாலேயே பெருக்கச் செய்தேன். விடையைக் கண்டு சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அம்மாவிடம் கேட்கவில்லை, ஐயா" என்றான். அன்று அவன் போட்ட பெருக்கற் கணக்கு அவனுக்கு நெடுநாள் பயன்படும் என்று நம்புகிறேன்.