சுழலும் வட்டம்

திரைப்படம் ரசமான கட்டத்தை எட்டும் தருணத்தில் காட்சி உறைந்து, திரையின் நடுவே ஒரு வட்டம் சுழலத் தொடங்கினால், இணைய நிறுவனத்தைக் கோபிப்பதே நம் சுபாவம். ஆயினும், தோஷம் பல சமயங்களில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வைஃபை ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன: முன்னது சுவர்களை ஊடுருவித் தூரம் செல்லுமெனினும், அண்டை வீட்டு ரவுட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பாதையில் நெருக்குவதால் தடுமாறுகிறது, பின்னதோ வேகம் மிகுந்தது, ஆனால் சுவர்களைக் கடக்கையில் சக்தி குன்றுவது.

ஆகவே, ரவுட்டரை அலமாரிக்குள் அடைக்காமல் உயரமான திறந்த இடத்தில் வைத்து, தொலைக்காட்சி அருகிலிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து, தொலைக்காட்சியின் முதுகில் மறைந்திருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரால் வெளியே கொணருங்கள். இவையும் பயனளிக்காவிடில், வசதியுள்ள சாதனமாயின், லேன் கேபிளை நேரே இணைத்துவிடுவதே உத்தமம்.