வாச்சாத்திப் பெண்கள் தந்த பாடம்



போலீஸ் மேலேயே புகார்னா யார்கிட்ட போறதுன்னு நம்ம குழுக்கள்ல கேக்குறோம். நமக்குப் பக்கத்துல, அரூர் வட்டம் வாச்சாத்தியைப் பாருங்க. 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தாங்க. வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானாங்க. செஞ்சவங்களே விசாரிச்சா உண்மை வருமா? மலைவாழ் மக்கள் சங்கம் துணை நின்றது. 1995-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. பெண்கள் பயப்படாம சாட்சி சொன்னாங்க. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011-ல் தண்டனை கிடைத்தது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நாமும் மனுவுக்கு நகல் வைப்போம், ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குவோம். ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புவோம். பாதிக்கப்பட்டவளைத் தனியா அனுப்பாம, குழுவா கூடப் போவோம்.