கடல் கடந்த ஊரில் ஒரு வாடகை வீடு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வேலை தேடிப் புனேக்கு வந்த தமிழர், வேலைக்கு அடுத்தபடியாகத் தேடியது ஒரு வாடகை வீட்டையே. இன்று நம் பிள்ளைகள் கணக்கியலும் நிதித்துறையும் கற்றுச் சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் செல்கின்றனர். அவர்கள் முதலில் தேடுவதும் அதனையே. இதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

பணத் தொழிலுக்காகக் கடல் கடப்பது தமிழர்க்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நகரத்தார் பர்மா, மலேயா, சிங்கப்பூர் சென்று வட்டிக்கடை நடத்தினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்கள் தங்கிய கட்டடத்திற்குக் ‘கிட்டங்கி’ என்று பெயர். நீண்ட கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் சிறிது இடமும் உண்டு. பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை. புதிதாய் வந்த இளைஞன் வீடு தேடி அலையவில்லை. அவன் இன்னார் மகன் என்று அறிந்தவர்கள் அங்கே இருந்தனர்; அதுவே அவனுக்குப் பிணை.

மார்க்கெட் தெருவில் அக்கிட்டங்கிகள் இன்று இல்லை. முகமறியாதவரிடம் வீடு பேசவேண்டிய காலம் இது. ஆளின் பிணை இருந்த இடத்தில் தாளின் பிணை வேண்டும். நான் கூறவந்தது இதுவே.

இப்பாடத்தை நாம் இங்கிருந்தே தொடங்கலாம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 55ஆம் பிரிவின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும்; பதிவும் ஆகவேண்டும். ‘பதினொரு மாதந்தானே, பதிவு எதற்கு?’ என்னும் பேச்சு இம்மாநிலத்தில் செல்லாது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவில்லையேல், நிபந்தனைகளைப்பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே, மறுத்து மெய்ப்பிக்கப்படும் வரை, செல்லும்.

இனிச் சிங்கப்பூர். அங்கே ஒப்பந்தத்திற்கு முத்திரைத் தீர்வை உண்டு. நான்காண்டுக்கு மேற்படாத ஒப்பந்தமாயின், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 2,000 வெள்ளி வீதம் ஓராண்டுக்கு 24,000 வெள்ளி. தீர்வை 96 வெள்ளி. இச்சிறு தொகைக்கு அஞ்சித் தீர்வை செலுத்தாத தாள், வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் சான்றாக ஏறாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடாயின் ஆறு மாதத்திற்குக் குறைந்து வாடகைக்கு விடுதல் கூடாது. கழகத்தின் ஒப்புதலை உரிமையாளர் பெற்றனரா என்றும் கேட்டறிதல் வேண்டும். வேலை போயினும் மாற்றலாயினும் இடையில் விலகுவதற்கு வழி உண்டா என்பதனைக் கையெழுத்திடுமுன் பார்த்துக்கொள்க.

இங்கிலாந்தில், ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைவாயின், ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாதென்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். மாதம் 1,300 பவுன் எனில் ஆண்டுக்கு 15,600, வாரத்திற்கு 300, ஆகவே டெபாசிட் 1,500 பவுனைத் தாண்டலாகாது. அத்தொகையை உரிமையாளர், அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாள்களுக்குள் சேர்ப்பிக்கவேண்டும். பல மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்துப் பழகிய நம்மவர், அதிகம் கேட்டாலும் வாய்பேசாது கொடுத்துவிடக்கூடும். அதனால் இதனை வற்புறுத்திச் சொல்கின்றேன்.

இளைஞர்களே! வீட்டை நேரில் காணாமுன் பணம் அனுப்பாதீர். கைப்பேசியில் வரும் அழகிய படம் வீடாகாது. முதல் சில வாரங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் தர இயலுமா என்று வேலை தரும் நிறுவனத்தைக் கேளுங்கள்; கேட்பதில் இழிவில்லை. குடிபுகும் நாளிலேயே சுவரின் கறையையும் குழாயின் ஒழுக்கையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முதற் சம்பளம் வரும்வரை செலவிற்குப் பணம் வைத்திருங்கள். அந்தப் பணம் பெற்றோர் நகையை அடகுவைத்துத் திரட்டியதாகவும் இருக்கலாம் என்பதனை மறவாதீர்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்தெந்த ஊரில் நம் பிள்ளைகள் உள்ளனர் என்று, அவரவர் இசைவுடன், ஒரு குறிப்பேடு வைப்போம். தனியே புறப்படும் பெண்ணுக்காக, அங்குள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கி வீட்டைப் பார்த்துவரலாம். கிட்டங்கியை நம்மால் கட்ட இயலாது. அங்கிருந்த பரிவைக் காக்க இயலும்.