யாரிடமிருந்து மறைத்தார்கள்?



ஓட்டுச்சாவடியில் ஓர் அட்டைத் தடுப்பு வைத்திருப்பார்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. ஏன்? பண்ணையார் நிலத்தில் கூலிக்குப் போகிறவர், பண்ணையாருக்குப் பிடிக்காத சின்னத்தில் ஓட்டுப் போட்டாலும் மறுநாள் அவருக்கு வேலை இருக்க வேண்டும். எளியவரை வலியவரிடமிருந்து காப்பதற்காக வந்த ரகசியம் அது.

அந்த ரகசியத்தை 2018இல் கோடீஸ்வரர்களுக்கும் கொடுத்தார்கள். பெயர், தேர்தல் பத்திரம். ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை மதிப்பு; வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம். விற்றது பாரத ஸ்டேட் வங்கி மட்டும். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. கொடுத்தது யார் என்று மக்களுக்குக் கட்சி சொல்ல வேண்டியதில்லை. மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் எந்த நிறுவனமும் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பையும் 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கிவிட்டது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் அள்ளிக் கொடுக்கலாம் என்றானது. நஷ்டக்காரருக்கு நன்கொடைக்கு ஏது பணம்? அது யாருடைய பணம்? ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது, தேர்தல் ஆணையம் கடிதம் எழுதியது. திட்டம் நிற்கவில்லை.

சரி, ரகசியம் என்றார்களே, யாரிடமிருந்து? 2018 ஏப்ரலில் ஒரு பெண் பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்தார். புற ஊதா ஒளியில் பிடித்ததும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் அதில் ஒளிர்ந்தது! விற்றது அரசு வங்கி. வாங்கியவர் விவரம் முழுதும் அதனிடம் இருந்தது. ஆட்சியில் இருப்பவருக்கு அறிய வழி உண்டு. பெற்ற கட்சிக்கோ, கொடுத்தவரே காதில் சொல்லிவிடுவார். அறியாமல் இருந்தது நீங்களும் நானும் மட்டும்தான்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அத்திட்டத்தைச் செல்லாது என்றார்கள். வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அது மீறுகிறது என்றார்கள். யார் வாங்கினார், யார் பெற்றார் என்ற விவரத்தை நீதிமன்றம் கேட்டது; அதைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்துவிடும்! மறுநாளே கொடு என்றது நீதிமன்றம். கொடுத்தார்கள்.

பட்டியல் வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்றவை மட்டும் ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய்க்கு. அதில் பாதியளவு பாரதிய ஜனதா கட்சிக்குப் போயிருந்தது. மிக அதிகமாக வாங்கியவர் யார் தெரியுமா? நம் கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. கூலிக்காரர் வீட்டு அடுப்பை அணைக்கிறது என்று 2003இல் நாம் தடை செய்த லாட்டரி. அந்த நிறுவனம் தந்தது 509 கோடி என்று தி.மு.க.வே தெரிவித்தது. சட்டம் அனுமதித்த வழியில்தான் வாங்கினார்கள். என் கோபமும் அந்தச் சட்டத்தின் மேல்தான். எனக்குப் பிடித்த கட்சி, பிடிக்காத கட்சி என்று பார்த்து இதைப் பேசினால் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

பத்திரம் ஒழிந்தது. ஓட்டை அடைபடவில்லை. நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அவருடைய கட்சிக்கோ வரம்பே இல்லை. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினார்கள். ஐம்பதாண்டு ஆகிவிட்டது, நண்பர்களே!

வேட்பாளரின் சொத்தும் வழக்கும் இன்று ஓட்டுக்கு முன்பே நமக்குத் தெரிகின்றன. அதற்காக வழக்காடிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்தான் பத்திர வழக்கையும் தொடுத்தது. வேட்பாளர் வாக்குமூலம் தருவதுபோல் கட்சியும் தரட்டும். வேட்புமனு முடியும் நாளுக்குள் எவர் எவ்வளவு கொடுத்தார் என்று ஓட்டுச்சாவடிச் சுவரில் ஒட்டட்டும். கட்சிச் செலவுக்கும் வரம்பு வரட்டும். தேர்தல் ஆணையத்துக்கு இதைக் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சம்மதமானால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.