தபசுக்காலமும் பனங்காட்டு ஊழியமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதுமை எய்தி ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் தபசுக்கால ஊழியம் பற்றி எம்மிடம் கூறியவற்றை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம். பெயர் சொல்லலாகாதென்பது அவர் இட்ட கட்டளை.

நம் சங்கத்தில் இரு சமயத்தாரும் உளராதலின், காலக்கணக்கை முதற்கண் கூறிவிடுவோம். சாம்பற் புதன் தொடங்கி, உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய நாள் வரை 46 நாட்கள். ஞாயிறு ஆறும் விரதநாள் அல்ல. அவற்றை நீக்க எஞ்சுவன 40. இயேசுநாதர் வனாந்தரத்தில் உபவாசித்திருந்த நாட்களின் தொகையும் அதுவே. சாம்பற் புதன் பெப்ருவரி 4-க்கு முன்னும் மார்ச்சு 10-க்குப் பின்னும் வருவதில்லை.

எனவே திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊர்களில் விரதமும் பதநீர்ப் பருவமும் ஏறக்குறைய ஒருங்கே பிறந்தன. இஃதன்றோ கருதத்தக்கது! பனையேறுவோர் இன்று அருகிவிட்டனர். யாம் கூறுவது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகட்கு முந்திய நிலை. பனையேறி வைகறையில் எழுந்து, தளைநாரும் பாளையரிவாளுங் கொண்டு 30, 40 மரங்கள் ஏறியிறங்குவான். மாலையில் அம்மரங்களையே மறுபடியும் ஏறுவான். மனையாள் விடிலியில் அடுப்பருகே நின்று பதநீரைக் கருப்புக்கட்டியாகக் காய்ச்சுவாள். பகற்கஞ்சியே பலநாள் அவர்க்கு ஐயம். இத்தகையோரை நோக்கி, "உபவாசம் பண்ணுங்கள்" என்று பிரசங்கபீடத்தினின்று எங்ஙனம் கூறுவது? இளைஞராய் ஊழியத்துட் புகுந்த உபதேசியார்க்கு எழுந்த முதல் வினா இதுவே.

மாலை ஆராதனையை அவர் பனங்காட்டிற்குக் கொண்டுசென்றார். கடைசி மரத்தினின்று இறங்கியோர் கைகால் கழுவி விடிலி முற்றத்தில் அமர, கால்மணி நேரமே பேசுவாராம். "களைத்தவனுக்கு அது போதும் தம்பி, அதற்குமேல் பேசினால் என் ஆசைக்குப் பேசுவது" என்றார். பள்ளி ஆசிரியராகிய எம்மனோர்க்கும் இச்சொல் சிறிது சுடும்!

விரதத்தை அவர் கேட்டதோ கருப்புக்கட்டி வியாபாரியிடம். பருவத்திற்கு முன்னரே முன்பணம் கொடுத்து, சரக்கைத் தாம் வைத்த விலைக்கே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நம்மவருள் அறியாதார் யார்? நம் பாட்டன்மாருள் முன்பணம் வாங்கினோரும் உளர், கொடுத்தோரும் உளர். அவ்வியாபாரி தபசு நாட்களில் இறைச்சி தொடார். ஆலயத்திற்கு அள்ளிக் கொடுப்பவர். உபதேசியார் அவர் கடைக்குச் சென்று, "இறைச்சியை விட்டீர்கள் அண்ணாச்சி, நல்லது. இந்த நாற்பது நாளும் சரக்கிற்குச் சந்தை விலையைக் கொடுங்கள்" என்றாராம்.

வியாபாரி மறுமொழி கூறாது தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று ஞாயிறு ஆலயத்திற்கு வரவில்லை. காணிக்கை குறைந்ததென்று சபையின் மூப்பர் சிலர் உபதேசியாரைக் கடிந்துகொண்டனர். நான்காம் வாரம், விடிலிதோறும் சந்தை விலை வந்தது! பெரிய வெள்ளியன்று வியாபாரி கடைசி வரிசையில் வந்தமர்ந்தார். அதனைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. திருநாள் கழிந்ததும் பழைய விலையே திரும்பிற்று.

"அங்ஙனமாயின் பயன் யாது?" என வினவினோம்.

"மறு ஆண்டு சாம்பற் புதனன்று மீண்டும் அக்கடைக்குப் போனேன். அவர் கடையை மூடும்வரை, பதினோராண்டு போனேன். நான்கு ஆண்டு கொடுத்தார், ஏழாண்டு கொடுக்கவில்லை" என்று கணக்குச் சொன்னார் உபதேசியார்.

அன்பர்காள்! நம் சங்கக் கடன்நிதியின் வட்டி வீதம் இன்று மாலை செயற்குழுவின் ஆராய்ச்சிக்கு வருகின்றது. அதற்கு முன்னர் இதனைச் சொல்லிவிட விழைந்தோம்.