செல்லத்தக்க தேர்தல்
(மலேசியாவில் பலமாடிக் குடியிருப்பு நிர்வாகம் பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்து லயங்களிலிருந்து தாமான்களுக்கும், அங்கிருந்து பலமாடிக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்த குடும்பங்கள் இந்நாட்டில் பல. லயத்துக் கூரை ஒழுகினால் தோட்ட நிர்வாகத்திடம் முறையிடுவர். தரைவீட்டுக் கூரை ஒழுகினால் வீட்டுக்காரரே ஆளை அழைத்துச் சரிசெய்வார். பலமாடிக் குடியிருப்பிலோ கூரையும் மின்தூக்கியும் தண்ணீர்த் தொட்டியும் அனைவருக்கும் பொது. அவற்றைப் பேணும் பொறுப்பு உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவையே சாரும். அக்குழுவின் தேர்தல் செல்லாது என்று ஆகிவிட்டால், மின்தூக்கியைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் யார்? கட்டணம் கேட்டு வருபவரிடம், "உமக்கு அந்த உரிமை ஏது?" என்று ஒருவர் வினவினால் என்ன விடை கூறுவது?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆலயங்களும் தரைவீட்டுப் பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்களும் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அவற்றின் தேர்தல் அந்தந்தச் சங்கத்தின் சட்டவிதிகளின்படி நடைபெறும். பலமாடிக் குடியிருப்புக்கு 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் வழிகாட்டுகிறது. அது தீபகற்ப மலேசியாவில் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. கூட்டத்தை எவ்வாறு நடத்துவது என்பதை அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே வகுத்துரைக்கிறது. சங்கப் பணியில் நெடுநாள் பழகிய பெரியவர்கள் பழைய பழக்கத்தையே இங்கும் கொண்டுவந்துவிடுவதுதான் பிழைக்குப் பெரிதும் காரணமாகிறது. அவர்களின் தொண்டுள்ளத்தில் குறையில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குழுவில் 3 முதல் 14 பேர் வரை இருக்கலாம். இவை எளியவை.

சிக்கல் எழுவது வாக்காளர் பட்டியலில்தான். கூட்டத்திற்கு முந்திய ஏழாம் நாளில் பராமரிப்புக் கட்டணத்திலோ ஒதுக்கு நிதியிலோ ஒரு பகுதி நிலுவையாக இருந்தாலும் அந்த உரிமையாளருக்கு வாக்குரிமை இல்லை. 22ஆம் தேதி கூட்டம் என்றால் 15ஆம் தேதியே கணக்கு. கூட்டத்தன்று காலையில் மேசைமீது பணத்தை வைத்தால் போதும் என்று எண்ணுவோர் ஏமாற்றமே அடைவர். அவர் குழுத் தலைவரின் உறவினர் என்பதற்காகவோ, கோபக்காரர் என்பதற்காகவோ வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டால் தேர்தல் முழுவதும் கேள்விக்குரியதாகிவிடும்.

200 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் 80 வீடுகள் நிலுவை வைத்திருப்பதாகக் கொள்க. வாக்குரிமை உள்ளவை 120. வாக்குரிமை உள்ளோரில் பாதிப்பேர் வருகையே நிறைவெண் என்பதால் 60 பேர் தேவை. அரைமணி நேரம் கடந்தும் அவ்வெண்ணிக்கை சேரவில்லையெனில், வந்திருக்கும் வாக்குரிமையாளர்களைக் கொண்டே கூட்டத்தை நடத்தலாம். அந்த அரைமணியைக் காத்திராமல் பத்தாம் நிமிடத்திலேயே தொடங்கிவிடும் அவசரம் தேவையற்றது.

வர இயலாதவர் தம் சார்பில் பதிலாள் ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம். அக்கடிதம் 48 மணி நேரத்திற்கு முன்பே சேர வேண்டும். ஒரே கூட்டத்தில் ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாக இருக்க முடியும். கட்டுக்கட்டாகக் கடிதங்களைக் கையில் ஏந்தி ஒருவரே தேர்தலை முடித்துவைக்கும் வேலைக்கு இங்கு இடமில்லை. (நல்ல ஏற்பாடு!)

கையுயர்த்தி வாக்களிக்கும்போது ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. உரிமையாளரோ அவருடைய பதிலாளோ முறையான வாக்கெடுப்பைக் கோரினால், அந்தந்த வீட்டுக்குரிய பங்கு அலகுகளே வாக்குகளாக எண்ணப்படும். ஆகவே அப்பட்டியலையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். கூட்டத்தின் நடுவில் அதைத் தேடி அலுவலகத்திற்கு ஓடுவது அழகன்று.

சட்டவிதிகளுக்கு மாறாக நடந்த கூட்டத்தின் தீர்மானத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றத்திற்கு உண்டு. அங்கே முறையீடு சென்றால், அறிவிப்பு அனுப்பிய நாள், நிலுவைப் பட்டியல், பதிலாள் கடிதங்கள், வருகைப் பதிவேடு ஆகியவையே குழுவின் சார்பில் பேசும். தோற்ற வேட்பாளரும் அவற்றைப் பார்வையிட இடமளித்தால், முறையீடு அவ்வளவு தூரம் செல்லாமலே போகக்கூடும்.